மின்னியாபொலிஸில் நியூ மெக்சிகோ மிளகாய்: மூன்று பருவ முயற்சிகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் குரூசஸ் நகரில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், மளிகைக் கடைகளின் வாசலில் கம்பி வலையாலான பெரிய உருளைகள் வந்து நின்றுவிடும். மூட்டையாக வாங்கிய பச்சை மிளகாயை அந்த உருளைக்குள் கொட்டி, எரிவாயு நெருப்பைச் சீறவிட்டுச் சுழற்றுவார்கள். சில நிமிடங்களில் தோல் கொப்பளித்துக் கருகும், அந்த மணம் வண்டிகள் நிற்கும் இடம் வரை பரவி நிற்கும். எட்டு வயதில் பெற்றோருடன் அந்த ஊருக்கு வந்து, இருபத்தேழு வயது வரை அங்கேயே வளர்ந்த எனக்குக் கோடை முடிவதைச் சொன்னது அந்த மணம்தான். 2023-ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலம், மிளகாய் சுடும் அந்த மணத்தையே தன் அதிகாரபூர்வ மணமாகச் சட்டம் இயற்றி அறிவித்தபோது, நான் வேலை நிமித்தமாக வடக்கே குளிர் மிகுந்த மின்னியாபொலிஸுக்குக் குடிபெயர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த வாரத்தில், ஊரின் அந்தச் சுட்ட மிளகாயின் மணத்தையும் சுவையையும் இங்கே கொண்டுவரும் இந்த முயற்சியைத் தொடங்கினேன்.

மிளகாய் என்றதும் நம் சமையலறையின் சிறிய காரமான காயை நினைத்துவிடக் கூடாது. இது பஜ்ஜி மிளகாயைப் போல நீண்டு, அதைவிடச் சதைப்பற்றுடன் இருக்கும். தாளிப்பதற்கு அன்று, சுட்டுத் தோலுரித்துக் காய்கறியாகவே உண்பதற்கு உரியது. 1965-இலேயே அது மாநிலக் காய்கறிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. லாஸ் குரூசஸில் உள்ள வேளாண் கல்லூரியில் ஃபேபியன் கார்சியா என்ற அறிஞர் பல ஆண்டுகள் தேர்வு செய்து 1913-இல் வெளியிட்ட ‘நியூ மெக்சிகோ எண் 9’ என்ற வகையிலிருந்துதான் இன்றைய வகைகள் கிளைத்தன. சீரான வடிவமும், எளிதில் உரியும் வழவழப்பான தோலும், நிறைந்த சதையும் வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஒவ்வொரு காயையும் உரிக்கும்போது அவருடைய உழைப்பை நான் நன்றியுடன் நினைத்துக்கொள்வதுண்டு.

முதல் பருவத்தில் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டப்பாவில் அடைத்த மிளகாயை வாங்கிப் பார்த்தேன். அதில் சேர்த்திருக்கும் சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு முந்திக்கொண்டு வந்தது, புகை மணம் அறவே இல்லை. அடுத்து, இங்குள்ள கடைகளில் எளிதில் கிடைக்கும் அனஹைம் மிளகாயை வாங்கினேன். எமிலியோ ஒர்த்தேகா என்பவர் 1890-களில் நியூ மெக்சிகோ விதைகளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுசென்றதால் உருவான வகை என்பதால் அதுவும் எங்கள் ஊர்க் காய்க்கு உறவுதான், ஆனால் காரம் மிகக் குறைவு. அதை மின்அடுப்பின் மேல்கம்பிச் சூட்டில் வைத்தபோது, தோல் கருகுவதற்கு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் சதை வெந்து குழைந்து நீராக ஒழுகிவிட்டது. பொப்ளானோ மிளகாயும் வாங்கிச் சுட்டேன். அது தனிச் சுவை, நல்ல சுவைதான், ஆனால் நான் தேடியது அதுவன்று.

இரண்டாம் பருவத்தில்தான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: காரத்தைவிட நெருப்பின் வேகமே முதன்மையானது. தோல் மட்டும் நொடிகளில் கொப்பளித்துப் பிரிய வேண்டும். சதை பாதி பச்சையாகவே தப்ப வேண்டும். வீட்டில் அத்தகைய நெருப்பைத் தருவது எது என்று யோசித்து, கரியைப் பற்றவைக்கப் பயன்படும் உயரமான தகரக் கூண்டையே அடுப்பாக்கினேன். கரி முழுவதும் சிவந்ததும் அதன் வாயில் ஒரு கம்பி வலையை வைத்து, ஒரு முறைக்கு மூன்று காய்களாக அடுக்கி, இடுக்கியால் திருப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டரை நிமிடத்தில் காய் முழுவதும் கருகியது. உடனே எடுத்து மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு, பதினைந்து நிமிடம் அதன் ஆவியிலேயே வியர்க்கவிட்டால் தோல் துணி போலக் கழன்று வருகிறது. வாடிய காய் இதற்கு உதவாது. சுருங்கிய தோலின் மடிப்புகளில் நெருப்புப் படாமல் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கிறது.

உரிக்கும்போது குழாய் நீரில் கழுவியது நான் செய்த பெரிய பிழை. சுவை ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டபோது, “தண்ணியில கழுவினா புகையெல்லாம் அதோட போயிடும்மா, பக்கத்துல ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சுக்கிட்டு விரலை மட்டும் நனைச்சுக்கோ” என்றார். அதன்படி செய்தபோது தோலின் கரித்துணுக்குகள் சில தங்கிவிட்டன, ஆனால் மணமும் தங்கியது. கையுறை இல்லாமல் முப்பது காய்களை உரித்த அன்று இரவு முழுவதும் விரல்கள் எரிந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பருவமான 2025-இல் விதையிலிருந்தே தொடங்கினேன். வேளாண் அறிஞர் ராய் நகயாமா 1975-இல் வெளியிட்ட ‘நியூமெக்ஸ் பிக் ஜிம்’ வகையைத் தேர்ந்தெடுத்தேன். மிக நீண்ட காய்களுக்குப் பெயர்பெற்ற வகை அது. இங்கே மே மாத நடுவரை உறைபனி வரக்கூடும் என்பதால், மார்ச் 16 அன்று பன்னிரண்டு விதைகளை வீட்டுக்குள் 28 பாகைச் சூட்டு விரிப்பின் மேல் ஊன்றினேன். ஒன்பது முளைத்தன. ஆறு கன்றுகளை மட்டும் தேர்ந்து, ஜூன் முதல் நாள் 20 லிட்டர் தொட்டிகளில் வெளியே நட்டேன். ஜூலையில் வெப்பம் 33 பாகையைத் தாண்டிய ஒரு வாரத்தில் பூக்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது மிகவும் வருந்தினேன். ஆனால் வெயில் தணிந்ததும் செடிகள் மீண்டும் பூத்தன. ஆகஸ்ட் 24 அன்று 38 காய்களும், செப்டம்பர் 14 அன்று 23 காய்களும் பறித்தேன். நீளமான காய் 24 சென்டிமீட்டர்.

அன்று மாலை கொல்லையில் கரியை மூட்டி முதல் காயை வைத்ததும், தோல் வெடிக்கும் சிறு ஓசையுடன் அந்த மணம் எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லச் சற்று நேரமாயிற்று, ஏனெனில் கண்கள் கலங்கியிருந்தன.

முதலில் செய்தது உருளைக்கிழங்கும் பூண்டும் சேர்த்த பச்சை மிளகாய்க் குழம்பு. அங்கே வீட்டுக்கு வீடு கொதிக்கும் ‘கிரீன் சில்லி ஸ்டூ’ அது. பன்றி இறைச்சி சேர்ப்பதே அவ்வூர் வழக்கம், எங்கள் வீட்டில் பின்டோ பீன்ஸ் சேர்ப்போம். மறுநாள், அம்மா லாஸ் குரூசஸில் கண்டுபிடித்த முறைப்படி, வேகவைத்த துவரம்பருப்பில் சுட்ட மிளகாயைக் கிள்ளிப் போட்டு, நெய்யும் சீரகமும் தாளித்தேன். சுவை எங்கள் வீட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. காரம் மட்டும் ஊரில் இருந்ததைவிடச் சற்றுத் தணிவு. நியூ மெக்சிகோவில் மிளகாய்க்குப் பெயர்பெற்ற ஹேட்ச் பள்ளத்தாக்கின் சுள்ளென்ற வெயிலும் வறண்ட காற்றும் தரும் அழுத்தத்தைக் குளிர்ந்த இரவுகளில் வளரும் தொட்டிச் செடி தரவில்லை என்று கருதுகிறேன்.

மீதமிருந்த காய்களைச் சுட்டு, தோலோடு உறைபெட்டியில் தட்டையாக அடுக்கி வைத்திருக்கிறேன். உறைந்து இளகும்போது தோல் இன்னும் எளிதாகக் கழல்கிறது, புகை மணமும் அதுவரை காக்கப்படுகிறது. இன்னும் ஐந்து பொட்டலங்கள் இருக்கின்றன. வரும் மார்ச்சில் இரண்டு தொட்டிகளைக் காரம் மிகுந்த ‘சாண்டியா’ வகைக்கு ஒதுக்கி, அவற்றைச் சுவரோரம் பகல் முழுவதும் வெயில் விழும் இடத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.