ஸ்விவல் வர எட்டு வாரம்

ஸ்விவல் என்கிற அந்தத் திருப்பம் எட்டாவது வாரத்தில்தான் வந்தது. அதுவும் இடது பக்கம் மட்டும்.

நானும் என் தோழியும் லிண்டி ஹாப் என்ற அமெரிக்க ஜோடி நடனத்தைப் பழகத் தொடங்கி இது பதினோராவது வாரம். வகுப்பு எதுவும் கிடையாது. மொட்டை மாடி, ஒரு சின்ன ஸ்பீக்கர், தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்த போன், அவ்வளவுதான். அவள் பள்ளி நாளில் ஆறு வருடம் பரதம் ஆடியவள். நான் கல்யாண வீட்டில்கூட நாற்காலியைவிட்டு எழுந்ததில்லை.

ஆரம்பித்து வைத்தது 1941-ல் வந்த 'ஹெல்சாபாப்பின்' என்ற ஹாலிவுட் படத்தின் நடனக் காட்சி. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் நடனக்கூடத்திலிருந்து வந்த வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் குழு, நான்கு ஜோடி. பெண்கள் நார்மா மில்லர், வில்லா மே ரிக்கர், ஆன் ஜான்சன், மிக்கி ஜோன்ஸ். அத்தனை பேருக்கும் வேலையாள் உடுப்பு. கறுப்பர்களை அந்தக் காலத்து ஹாலிவுட் அப்படித்தான் உள்ளே விடும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 300 தட்டுக்கும் மேல். முதல் தடவை பார்த்தபோது, ஆண்கள் இவர்களைத் துணி மூட்டை மாதிரி தூக்கி வீசுவதாகத்தான் எனக்குத் தெரிந்தது. கால்வாசி வேகத்தில் வைத்துப் பார்த்த பிறகு கதையே மாறிவிட்டது. தூக்குவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் முழங்கால் மடங்குகிறது. குதிப்பது அவள். அவன் தோளையோ முதுகையோ கொடுத்துத் திசை காட்டுகிறான். அப்புறம் தரையில் இறங்கும் பொறுப்பும் அவளுடையதுதான்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

முதல் இரண்டு வாரம் அடிப்படை அடிவைப்பு மட்டும். எட்டுத் தட்டில் ஒரு சுற்று: இரண்டு அடி, ஒரு ட்ரிப்பிள் ஸ்டெப், மறுபடி இரண்டு அடி, மறுபடி ஒரு ட்ரிப்பிள். இரண்டு தட்டுக்குள் மூன்று அடி வைப்பதுதான் ட்ரிப்பிள். தோழி உடனே "தகிட" என்று சொல்லிக்கொண்டு வைத்தாள். கணக்கு சரிதான், ஆனால் ஆட்டம் எறும்பு ஊர்வது போல இருந்தது. தகிட என்றால் மூன்றும் சம அளவு. இதில் முதல் அடி நீளும், நடு அடி கடைசி நேரத்தில் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். "தா... கதா" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் கால் தானாக ஆடியது. எனக்கு அதற்கு மேலும் பத்து நாள் ஆனது. வேகம் நிமிடத்துக்கு 120.

மூன்றாவது வாரம் ஸ்விங் அவுட். கைபிடித்து நெருங்கி வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, எதிரெதிரே விலகிப் போவது. நான் உயரம் என்பதால் முதலில் நான் லீட், அதாவது வழிநடத்துபவள்; அவள் ஃபாலோ, பின்தொடர்பவள். ஐந்தாவது தட்டில் அவளை வெளியே அனுப்ப வேண்டும். நான் தள்ளினேன். அவள் துணி உலர்த்தும் கொடியில் போய் மாட்டிக்கொண்டாள். தள்ளவே கூடாதாம், வழியைத் திறந்துவிட்டால் போதுமாம். அவள் வரும்போதே கொண்டுவந்த வேகம் அவளை வெளியே கொண்டுபோகும். இது புரிந்த பிறகு மாறி மாறி இரண்டு பாத்திரமும் ஆடுவது என்று முடிவு செய்தோம். யார் இழுக்கிறார், யார் ஏமாற்றுகிறார் என்று அப்போதுதான் தெரிகிறது.

ஸ்விவல்தான் எனக்குப் பைத்தியம். ஃபாலோ உள்ளே நடந்து வரும்போது இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கம் திரும்ப, தோள் மட்டும் எதிரே இருப்பவரைப் பார்த்தபடி நிற்கும். கரப்பான்பூச்சியை முன்பாதத்தால் நசுக்குவது போலத் திருப்ப வேண்டும். என் கேன்வாஸ் ஷூவின் ரப்பர் அடி தட்டோட்டில் பிடித்துக்கொண்டது. பாதம் நின்றுவிட்டது, முழங்கால் திரும்பிவிட்டது. நான்கு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. பழைய காலுறையை ஷூமேல் மாட்டிப் பார்த்தேன், வழுக்கி விழுந்தேன். கடைசியில் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் அடியில் மெல்லிய தோல் ஒட்டித் தரச் சொன்னேன். "எல்லாரும் வழுக்காம இருக்கத்தாம்மா ஒட்டச் சொல்லுவாங்க" என்றார். 120 ரூபாய். இந்தப் பதினோரு வாரத்தில் உருப்படியாகச் செய்த செலவு அதுதான்.

சவாயில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, மேப்பிள் மரத் தரை. லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141-ஆம் தெருக்களுக்கு இடையே 1926-ல் திறந்த கூடம் அது. அதே ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பில் கறுப்பர் மேடையில் ஆடலாம், மேஜையில் உட்கார முடியாது. ஆடும் பெண்ணும் வெளிர்நிறமாக இருக்க வேண்டும். சவாயில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள். நார்மாவின் வீடு இந்தக் கூடத்துக்குப் பின்னால். அப்பா அவள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார், அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்தார். வீட்டின் வெளிப்புற அவசரப் படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெரிந்ததை வைத்தே அந்தப் பெண் ஆடப் பழகினாள். 1932 ஈஸ்டர் ஞாயிறு அன்று, 12 வயதில், வாசலில் ஆடிக்கொண்டிருந்தவளை ட்விஸ்ட்மவுத் ஜார்ஜ் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரர் உள்ளே கூட்டிப்போய் ஆடினார். 15 வயதில் ஐரோப்பாவுக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தாள். நான் 15 வயதில் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் ஒரு சண்டை. அவள் எனக்குத் தெரியாமல் வீட்டில் தனியாக ஸ்விவல் பழகியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்றும் நடக்காதது போல இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். எனக்கு வயிற்றெரிச்சல். "சேர்ந்துதானே பழகுறோம்?" என்று கேட்டுவிட்டேன். "நான் மேடையில ஆடணும், உனக்கு மாடி போதும்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க சவாய்ப் பெண்களைப் பற்றித்தான் படித்தேன். பகலில் அதே கூடத்தில் ஒன்றாகப் பயிற்சி. 1935-ல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ஹார்வெஸ்ட் மூன் பால் போட்டி நடந்தபோது, அந்த ஒரே குழுவினர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடினார்கள். அப்புறம் மறுபடி ஒன்றாக ஊர் ஊராகப் பயணம். 1941 கடைசியில் நார்மாவும் வில்லா மேயும் பிரேசிலில் இருந்தபோது பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து அமெரிக்கா போரில் இறங்கியது; சில வாரத்துக்கென்று போனவர்கள் பத்து மாதம் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் கதையும் இப்படித்தான். யார் போவது என்று தோழிகள் இருவரோடு குச்சி இழுத்துப் பார்த்ததில் மாட்டிக்கொண்டு ஹார்லெமின் அப்போலோ அரங்க மேடை ஏறியவர் அவர். ஆடத்தான் போனார், முன்னால் ஆடிய எட்வர்ட்ஸ் சகோதரிகளைப் பார்த்துப் பயந்துபோய்ப் பாடிவிட்டார். அது 1934 நவம்பர். அடுத்த வருடமே சிக் வெப்பின் இசைக்குழுவில் சேர்ந்து சவாயில் பாடினார். கூட வந்த தோழிகள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

அந்தப் பெண்களுக்கு உரிய இடம் லேசில் கிடைக்கவில்லை. 1943 ஆகஸ்டில் லைஃப் பத்திரிகை லிண்டி ஹாப்பைக் கொண்டாடியபோது லியோன் ஜேம்ஸும் வில்லா மேயும் ஆடும் படங்கள் உள்ளே, அட்டையில் வெள்ளை ஜோடி. குழுவின் பெயரிலும் இருந்தது அதை நடத்திய ஹெர்பர்ட் வைட்டின் பட்டப்பெயர். நார்மா தன் பெயரிலேயே குழு வைத்து ஆடியது போருக்குப் பிறகுதான்.

ஏழாவது வாரம் நானே போன் செய்தேன். "இடுப்புலேருந்து திருப்பாதே, பாதத்துலேருந்து திருப்பு" என்றாள், ஹலோ சொல்வதற்குப் பதிலாக. அடுத்த வாரம் இடது பக்கம் வந்துவிட்டது.

இன்றைய நிலவரம்: 165 வேகத்தில் பத்து ஸ்விங் அவுட்டில் ஏழு உருப்படியாக வருகின்றன. 180-ல் இரண்டு. வலப்பக்க ஸ்விவல் இன்னும் நொண்டுகிறது.

அவளுக்கு அது போதவில்லை, காற்றில் எழும்பி இறங்கும் ஏர் ஸ்டெப் வேண்டுமாம். 1935-ல் சவாய் ஆட்டக்காரர்கள் ஃப்ராங்கி மானிங்கும் ஃப்ரீடா வாஷிங்டனும் முதுகோடு முதுகு சேர்த்து, ஃப்ரீடா ஃப்ராங்கியின் முதுகின்மேல் உருண்டு முன்னால் வந்து இறங்கியதுதான் தொடக்கம். ஃப்ரீடா சரி என்றதால்தான் அது நடந்தது. அவர்களே கீழே மெத்தை போட்டுத்தான் பழகினார்கள் என்று நான் சொன்னது தப்பாகப் போயிற்று. போன ஞாயிறு அவள் வீட்டு இலவம்பஞ்சு மெத்தை மாடிக்கு வந்துவிட்டது.

கையைக் கோத்துக்கொண்டு நான் குனிந்தேன். அவள் கால் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. "இன்னும் கொஞ்சம்" என்றாள். அப்போது தூறல் ஆரம்பித்தது. நாங்கள் மெத்தையைச் சுருட்டி முடிப்பதற்குள் பாதி நனைந்துவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துப் படியிறங்கினால், கீழே அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார்.