அந்த 500 யூனிட்டைத் தாண்டாதீர்கள்

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மலைகள் இரவிலும் அனல் கக்கும். ஏசி வேண்டாம் என்று உபதேசம் செய்ய மாட்டேன். ஆனால் 18-இல் வைத்துவிட்டுப் போர்வையைத் தேடுவது எந்த ஊர் நியாயம்? 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம்.

மின்விசிறியும் லேசுப்பட்டதல்ல. பழையது 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி எனும் சிக்கன மோட்டார் வகை ஏறக்குறைய 30 வாட்டில் முடித்துக்கொள்ளும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 30 யூனிட் போலக் குறையும். 500 யூனிட்டைத் தாண்டினால் அடுத்து வரும் யூனிட்டுக்கு விலை கூடுவது மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் வீடுகளுக்கு அந்த 30 பெரிய விஷயம்.

மொட்டை மாடிக்குச் சித்திரைக்கு முன்பே சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் அம்மாவின் சட்டம். கீழ் அறையில் படுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சாலைக்கு வந்தால், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு நெரிசலில் நகர வழியில்லாமல் நிற்கும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். அணைத்துவிட்டு நில்லுங்களேன் ஐயா! டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல்தான் வீண். சென்னைக்குத் தனியாளாகப் போகிறவர்களுக்குக் காட்பாடியில் ரயில் இருக்கிறது.