20 டாலர் அபராதம், 162 டாலர் நோட்டீஸ்

கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்திருந்தால், முதல் தடவைக்குச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 20 டாலர். 2022 கடைசியில் என் அக்காவுக்கு இதற்கான டிக்கெட், அதாவது போலீஸ் எழுதிக்கொடுக்கும் அபராதச் சீட்டு, கிடைத்தது. கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸில் கட்டச் சொன்ன தொகை 162 டாலர். மீதி 142 டாலர் எங்கிருந்து முளைத்தது, அதைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே தெரியாமல், கையில் காசு இல்லாவிட்டாலும் கார்டைத் தேய்த்துக் கட்டிவிடும் ஆட்களை எனக்குத் தெரியும்.

அக்கா பகலில் ஒரு முதியவரை அவர் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். அந்த வருடம் அத்தானுக்கு வேலை போயிருந்ததால் மாலையில் சாப்பாடு டெலிவரியும் செய்துகொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது, அடுத்த திருப்பம் எது என்று பார்க்கப் போனைக் கையில் எடுத்திருக்கிறாள். பின்னால் போலீஸ். வண்டி நின்றிருந்தாலும் அது குற்றம்தான். போனை முன்கண்ணாடியிலோ டாஷ்போர்டிலோ மாட்டிவைத்து, ஒரு தட்டு அல்லது ஒரு தள்ளலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. மேப் பார்ப்பதற்காகப் பிடித்திருந்தாலும் குற்றமே என்று பிறகு 2025இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் டிக்கெட்டை எதிர்த்து வாதாடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. முதல் தடவை என்பதால் லைசென்ஸில் தப்புக் கணக்காகச் சேரும் பாயின்ட்டும் ஏறாது. பிரச்சினை பணம் மட்டும்தான்.

டிக்கெட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அக்கா பயந்துவிட்டாள். அந்தக் கையெழுத்துக்கு, சொன்ன தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்று மட்டுமே பொருள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. டிக்கெட்டில் தொகை எதுவும் இருக்கவில்லை. நோட்டீஸ் தபாலில் வந்த அன்று இரவு எனக்கு போன் செய்தாள்.

"ஏன்டா, இருபது டாலர்தான்னு கூட வேலை பார்க்கிறவ சொன்னா. இதுல நூத்தி அறுபத்திரண்டுன்னு இருக்கு. தப்பா வந்திருக்கா பாரு."

தப்பாக வரவில்லை. நோட்டீஸில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது, எது எதற்கு என்ற பிரிப்பு இல்லை. மாநில நீதித்துறைக் குழு வெளியிடும் அபராத அட்டவணையை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன்.

ஒவ்வொரு 10 டாலர் அபராதத்தின் மேலும் 29 டாலர் சேர்கிறது. மாநிலத்துக்கு 10, கவுன்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) 7, கோர்ட் கட்டடங்களுக்கு 5, குற்றவாளிகளின் டிஎன்ஏ பதிவுக்கு 5, அவசர மருத்துவத்துக்கு 2. இந்த டிஎன்ஏ கட்டணம் 2004இல் மக்கள் வாக்கெடுப்பில் 1 டாலராகத் தொடங்கியது. பிறகு சட்டமன்றம் ஏற்றிக்கொண்டே போய் 5 ஆக்கிவிட்டது. ஆக 20 டாலருக்கு 58. அடிப்படை அபராதத்தில் 20 சதவீதம் மாநிலத்தின் கூடுதல் கட்டணம், அது 4. இதற்கு மேல், அபராதம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மாறாத கட்டணங்கள்: கோர்ட் நடத்தும் செலவுக்கு 40, தண்டனைக் கட்டணம் 35, ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு அப்போது இருந்த 4, இரவு நேர கோர்ட்டுக்கு 1. எல்லாம் கூட்டினால் 162 சரியாக வருகிறது. 35 டாலர் அபராதம் உள்ள ஸ்டாப் சைனில் நிற்காமல் போனதற்கான டிக்கெட்டுக்கும் இதே முறைதான். பத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழுப் பத்தாக எண்ணுவதால் 35 என்பது 40 ஆகி, கடைசியில் 238இல் போய் நின்றது.

மாறாத கட்டணங்கள் மட்டுமே அப்போது 80 டாலர். குற்றம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு பெரிய மடங்கில் இந்தச் சுமை ஏறுகிறது.

அந்த 40 டாலரின் கதையைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. 2003இல் அது 20 டாலராக, கோர்ட் பாதுகாப்புக் கட்டணம் என்ற பெயரில் வந்தது. கோர்ட்டில் காவலுக்கு நிற்கும் ஷெரிஃப் (கவுன்டி போலீஸ்) ஆட்களின் செலவுக்கென்று சொன்னார்கள். பட்ஜெட்டில் துண்டு விழுந்த வருடங்களில் 30 ஆனது, 40 ஆனது. அப்புறம் பெயரை மாற்றிப் பொதுச் செலவுக்கானதாக்கினார்கள். தொகை இறங்கவே இல்லை. அக்கா கோர்ட் வாசலை மிதிக்கக்கூட இல்லை.

மாநிலத்துக்குப் போகும் பங்கிலிருந்துதான் போலீஸ்காரர்களின் பயிற்சிக்கும் பணம் போகிறது. 2017 வரை அதில் ஏறத்தாழ 24 சதவீதம் பயிற்சிக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி, சிறைக் காவலர் பயிற்சி, மீன் மற்றும் வனவிலங்குப் பாதுகாப்புக்குக்கூட அதே தொகுப்பில் பங்கு இருந்தது. அந்தச் சதவீதங்களை 2017இல் எடுத்துவிட்டார்கள்; இப்போது பட்ஜெட்டில் பிரிக்கிறார்கள்.

தப்பு செய்தவர்களே போலீஸ் செலவை ஏற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தப்புக்கான தண்டனை அந்த 20 டாலர். சட்டம் எடைபோட்டு வைத்த தொகை அது. மற்றதெல்லாம் வரி. நல்ல பயிற்சி பெற்ற போலீஸால் ஊரில் எல்லோருக்கும் நன்மை, அப்படியென்றால் எல்லோருடைய வரியிலிருந்தும்தானே அந்தச் செலவு போக வேண்டும்? மக்கள் ஒழுங்காக வண்டி ஓட்டினால் பயிற்சிப் பணம் குறையும் என்ற நிலை ஏன்? இது கற்பனையும் இல்லை. அபராத வசூல் இறங்கிய வருடங்களில் அந்த நிதி கலிஃபோர்னியாவில் உண்மையிலேயே தள்ளாடியது. மாநில சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் அலுவலகமே 2016 அறிக்கையில், பெரும்பாலான அபராதப் பணத்தைப் பொது நிதியில் சேர்த்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று சட்டமன்றம் வருடாவருடம் முடிவு செய்யட்டும் என்று பரிந்துரைத்தது. வசூலை நோக்கியே போலீஸ் இயங்கினால் ஊர் என்ன ஆகும் என்பதை மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரம் பற்றி அமெரிக்க மத்திய நீதித்துறை 2015இல் வெளியிட்ட அறிக்கையில் பார்த்தோம்.

சரி, நாங்கள் செய்ததற்கு வருகிறேன்.

மைசைட்டேஷன்ஸ் என்ற அரசு இணையதளத்தில், என்னால் இவ்வளவு கட்ட முடியாது, குறையுங்கள் என்று கேட்கலாம். அப்போது சில கவுன்டிகளில் மட்டுமே இருந்தது, அக்காவின் கவுன்டி அதில் ஒன்று. 2024இல் மாநிலம் முழுவதற்கும் வந்துவிட்டது. இதைச் சொன்னதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கைநீட்டுற மாதிரி இருக்குடா. நான் எப்படியாவது கட்டிடறேன்."

"கைநீட்டறது இல்லக்கா. உன் வருமானத்துக்கு எவ்வளவு நியாயம்னு ஜட்ஜ் முடிவு பண்றார். சட்டத்துலயே இருக்கிற வழி இது."

அரை மனதாகத்தான் சம்மதித்தாள். டிக்கெட் எண்ணைப் போட்டுத் தேடினால் வழக்கு வந்துவிடும். வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம், வாடகை, மற்ற செலவுகள், அரசு உதவி ஏதாவது உண்டா என்று கேட்கிறது. பிள்ளைகளுக்கு மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருந்தது, அதைக் குறித்தோம். அரசு உதவி பெறுபவர்களுக்கும், மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 250 சதவீதத்துக்குள் வருமானம் உள்ளவர்களுக்கும் பாதியோ அதற்கு மேலோ குறைப்பார்கள். கடைசியில் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள் என்று ஒரு பெட்டி வரும். அதில் 'கஷ்டமாக இருக்கிறது' என்று பொதுவாக எழுதாதீர்கள். அத்தானுக்கு வேலை போன மாதம், வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்று நேராக நான்கு வரி எழுதினோம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வழியில் போனால் டிக்கெட்டை எதிர்த்து வாதாடும் உரிமையை விட்டுவிடுகிறீர்கள். நான் குற்றமே செய்யவில்லை என்பவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். எழுத்து மூலமாகவே வாதாடும் வசதியும் உண்டு. எந்த வழியானாலும் நோட்டீஸில் உள்ள கெடுவைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் 100 டாலர் வரை இன்னொரு கட்டணம் ஏறும். 2022 ஜூலைக்கு முன்பு அது 300 வரை போனது. பணம் கட்டாததற்காக லைசென்ஸை முடக்குவதை 2017இலேயே நிறுத்திவிட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

ஜட்ஜின் உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. 162 டாலர் 81 ஆகியிருந்தது, மாதம் 25 டாலராகக் கட்டலாம் என்றும் இருந்தது. அக்கா கட்டி முடித்துவிட்டாள். போனையும் டாஷ்போர்டில் மாட்டிவிட்டாள்.

குறைத்த பிறகும் அது சட்டம் சொன்ன அபராதத்தைப் போல நான்கு மடங்கு. எங்கள் தொகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினருக்கு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்டது இரண்டு: நோட்டீஸிலேயே ஒவ்வொரு கட்டணத்தையும் பிரித்து அச்சிட வேண்டும், குறைக்கச் சொல்லிக் கேட்கும் வழியை முதல் பக்கத்தில் போட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருந்தால், உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் இதையே எழுதுங்கள்.