ஒருநாள் கணக்கு

பம்ப் செட்டுகளுக்கு வார்ப்படம் ஊற்றும் கோவை ஃபவுண்டரி ஒன்றில் பத்தொன்பது வருடம் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்றது அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். பெயர்ப்பலகையில் 'நலம்' இருந்தது. கையில் புழங்கியது மெமோ.

என் பீரோவில் ஒரு தடித்த ஃபைல் உண்டு. அத்தனையும் மன்னிப்புக் கடிதங்கள். "இனி என் வாழ்நாளில் மதுவைத் தொடமாட்டேன். தொட்டால் நிர்வாகத்தின் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." வாசகம் நான் தயாரித்தது; கையெழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். சம்பளத்துக்கு மறுநாளும் திங்கட்கிழமைகளிலும் ஃபைல் பருக்கும்.

அதில் மூன்று கடிதம் ஒரு மோல்டருடையது. பெயர் வேண்டாம், காரணம் போகப் போகப் புரியும். மணலில் அவர் அச்சு எடுத்தால் திருத்த வேலையே இருக்காது. கார்த்திகையில் மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டுத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய இரவே ஆரம்பித்துவிடும். "நாப்பத்தெட்டு நாள் இருக்க முடிஞ்சவனுக்கு நாப்பத்தொன்பதாவது நாள் என்ன கேடு?" என்று சூப்பர்வைசர் முதல் நான் வரை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதற்குப் பதிலே கிடையாது என்பது என் எண்ணம்.

அவருக்கு முன்னால் இன்னொருவர் விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்திருந்தேன். வீட்டிலேயே அடைத்து வையுங்கள், மூன்று நாளில் சரியாகிவிடும் என்று அவர் மனைவியிடம் சொல்லியனுப்பினேன். இரண்டாம் நாள் இரவே ஃபிட்ஸ். வருடக்கணக்கில் குடித்த உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரே போகலாம் என்பதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். பிழைத்துவிட்டார். அந்தம்மாள் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்ததில்லை.

அதனால் மோல்டரை முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பத்து நாள் உள்ளே இருந்தார். அனுப்பும்போது டாக்டர், "உடம்புக்கு நாங்க பார்த்தாச்சு. இனிமே பேச்சுத்துணை வேணும்" என்று மருந்துச்சீட்டின் பின்பக்கம் ஓர் ஏ.ஏ. கூட்டத்தின் இடமும் நேரமும் எழுதிக் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பெயர் வெளியிடாத குடிநோயாளிகள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால் போதும், கட்டணம் இல்லை என்றார்.

ஒரு பள்ளிக்கூடம், மாலை ஏழு மணி. போர்டு எதுவும் இல்லை. வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்து, "குடிகாரங்க மீட்டிங்குங்களா? மாடியில" என்றார். மோல்டர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆனால் அதற்கு முன்பே என் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பெஞ்சுகள், முழங்கால் இடித்தது. சுவரில் வாய்ப்பாடு. பதினைந்து பேர் இருப்பார்கள். வெளியாட்களும் உட்காரலாம் என்ற திறந்த கூட்டம் அன்று, அதனால் எனக்கும் இடம் கிடைத்தது. பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. விசாரணை என்றால் ஏன் என்றுதான் தொடங்கும் என்று பழகிய எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பெரியவர் ஒருவர் இது தொடங்கிய கதையைச் சொன்னார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் பேசப்போய்த் தோற்றுப்போன பில் என்ற பங்குச்சந்தைக்காரர், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடியிருக்கிறார். கிடைத்தவர் பாப் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர். கொஞ்ச நாளில் டாக்டர் மறுபடி குடித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் போகிற காலையில் கை நடுங்கியது. அதை நிறுத்த பில்லே அவருக்கு ஒரு பீர் கொடுத்தாராம். அதுதான் அவருடைய கடைசி. அந்த ஜூன் 10-ஐத்தான் சங்கத்தின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

மோல்டர் தன் இரண்டு கைகளையும் பெஞ்சுக்கு அடியில் கொண்டுபோனதைப் பார்த்தேன். காலை ஷிப்டுக்கு முன்னால் அவர் 'கட்டிங்' போட்டது எதற்கென்று மூன்று மெமோ கொடுத்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

முடிவில் யாரும் அவரிடம் சத்தியம் வாங்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி படுக்கிற வரைக்கும் பார்த்துக்குங்க. நாளைக்கு நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் பெரியவர். எனக்கு என் ஃபைல் ஞாபகம் வந்தது. ஒரு நாளே மலையாக இருக்கிறவனிடம் வாழ்நாள் முழுவதையும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வாரங்களில் மூடிய கூட்டங்களுக்கு அவர் தனியாகப் போனார். ஆறேழு தடவை கீழே டீக்கடையில் காத்திருந்தேன். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. தீபாவளி போனஸ் வந்தது. இரண்டு நாள் ஆள் வரவில்லை. மூன்றாம் நாள், கூப்பிடாமலே, என் அறை வாசலில் நின்றார்.

"விழுந்துட்டனுங்க சார். நேத்து மீட்டிங்ல சொல்லிட்டேன். திரும்பி வந்தீங்களே, அது போதும்னாங்க."

பழக்கதோஷம், வெள்ளைத்தாளை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இன்னிக்குக் குடிக்கலைன்னு வேணா எழுதித் தரட்டுங்களா சார்?"

எழுதினார். தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். ஃபைலில் அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பதென்று தெரியாமல் மேஜை டிராயரில் போட்டேன். ஓய்வு பெற்ற அன்று அறையைக் காலி செய்தபோது அந்த ஒரு தாளை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.