உயிர்வேதியியல் சங்கத்துக்கு எதற்குச் சந்தா?

சந்தா புதுப்பிக்கும் நேரம் வந்தால் லேபில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: இந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து என்ன பிரயோஜனம்? நியாயமான கேள்விதான். கையில் கிடைப்பது மாநாட்டுக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி, ஒரு செய்தி மடல், பாதிப்பேர் திறந்தே பார்க்காத மின்னஞ்சல்கள். இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மாநாட்டுக்குப் போகாத வருஷம் நஷ்டம்தான். ஆனால் தேசிய அளவில் இயங்கும் ஓர் ஆய்வாளர் சங்கத்தை இந்தக் கணக்கில் அளக்க முடியாது என்பது என் கட்சி.

ஓர் ஆய்வு மாணவரின் நிலைமையைப் பாருங்கள். உட்காரும் இடம், ரசாயனம், உதவித்தொகை, கட்டுரையில் பெயர் எத்தனையாவதாக வரும் என்பது, அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதம், எல்லாமே ஒரே ஆளின், அதாவது ஆய்வை வழிநடத்தும் கைடின், கையில் இருக்கிறது. கைடு நல்லவராக அமைந்தால் சரி. அமையாவிட்டாலும் அதே கைடுதான். பல்கலைக்கழகத்துக்கு அந்த மாணவர் ஒரு பதிவு எண், நிதி கொடுக்கும் அமைப்புக்கு ஒரு திட்டத்தின் செலவுக் கணக்கில் ஒரு வரி. சங்கத்தில் மட்டும்தான் அவர் யாருக்கும் கீழே இல்லாமல் ஓர் உறுப்பினராக நிற்கிறார். (மாணவ உறுப்பினருக்கு ஓட்டு கொடுக்காத சங்கங்களும் உண்டு. அது தனிச் சண்டை. பயண உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் அங்கேயும் கைடின் கையெழுத்தைக் கேட்பார்கள் என்பது இன்னொரு வேடிக்கை.)

அப்புறம் மாநாடு. பெரிய அரங்கில் நடக்கும் பேருரைகளுக்காகத்தான் மாநாட்டுக்குப் போகிறோம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்த உரைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் வந்ததுதான். உண்மையான வேலை, ஆய்வாளர்கள் தங்கள் முடிவுகளைச் சுவரொட்டியாக மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்கும் போஸ்டர் பக்கம் நடக்கிறது. ஒரு புரதத்தை பாக்டீரியாவில் உற்பத்தி செய்ய மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒவ்வொரு முறையும் கரையாத கட்டியாகவே அது வந்து சேர்வதைப் பார்த்து நொந்துபோன ஒருவர், அதே வகைப் புரதத்தோடு மாரடித்த இன்னொருவரைச் சந்திப்பது அங்கேதான். வெப்பநிலையை 18 டிகிரிக்கு இறக்கி ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தீர்களா என்று அவர் போகிற போக்கில் கேட்பார், இவருக்கு ஆறு மாதம் மிச்சமாகும். புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எந்த ஆன்டிபாடி தேவையில்லாத பட்டைகளைக் காட்டி ஏமாற்றும், எந்த நொதி (என்சைம்) ஒருமுறை உறைந்து உருகினாலே செத்துப்போகும், எந்தப் பிரபலமான கட்டுரையின் முடிவு யார் கையிலும் திரும்ப வரவில்லை, இதெல்லாம் கட்டுரைகளில் அநேகமாக இருக்காது. தோற்றுப்போன சோதனையை அச்சில் போட இடம் கிடைப்பது அரிது, வாய்வழியாகத்தான் பரவ வேண்டும். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு அடுத்த மேஜையிலேயே கிடைத்துவிடும். சின்னக் கல்லூரி ஒன்றில், துறையில் தனி ஆளாக நொதிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே கிடைக்கும்? அதனால்தான் பயண உதவித்தொகையை நான் சங்கத்தின் முக்கியமான செலவாகப் பார்க்கிறேன். பதக்கமும் பொன்னாடையும் அதற்கு அப்புறம்தான்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய சங்கங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது ஆய்விதழ்தான். பிரிட்டனின் பயோகெமிக்கல் சொசைட்டி 1911இல் ஒரு சிறிய கிளப்பாகத் தொடங்கியது. 1906இலேயே லிவர்பூலில் பெஞ்சமின் மூர் ஆரம்பித்திருந்த பயோகெமிக்கல் ஜர்னலை அவர்கள் 1912இல் 150 பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்தச் சங்கம் செய்த வியாபாரங்களிலேயே புத்திசாலித்தனமானது அதுதான் என்பேன். அமெரிக்காவில் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி 1905இல் வந்தது, அந்நாட்டு உயிர்வேதியியலாளர் சங்கம் அடுத்த வருஷம், இதழ் பின்னால் சங்கத்தின் கைக்கு வந்தது. ஐரோப்பியச் சங்கங்கள் சேர்ந்து 1964இல் அமைத்த ஃபெப்ஸ் கூட்டமைப்பும் தன் ஆய்விதழ்களின் வருமானத்தில்தான் இளம் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகையும் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது. நூலகங்கள் இதழுக்குக் கட்டிய சந்தா சுற்றி வந்து ஏதோ ஒரு மாணவரின் ரயில் டிக்கெட்டாக மாறியது என்று சொல்லலாம்.

சங்கத்தின் இதழ் என்பதால் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஆலிவர் லௌரியும் கூட்டாளிகளும் புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையை 1951இல் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரியில்தான் வெளியிட்டார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், சுத்தமான ஒரு செய்முறை, அவ்வளவுதான். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன, மொத்த அறிவியல் இலக்கியத்திலேயே அதற்குத்தான் முதலிடம். பரபரப்பை மட்டும் தேடுகிற இதழ் ஒன்று இன்று அப்படி ஒரு கட்டுரையை மதிப்பீட்டுக்காவது அனுப்புமா என்பது சந்தேகம்தான். லேபில் தினமும் பிப்பெட் பிடித்தவர்கள் ஆசிரியர் குழுவில் இருந்தால்தான் செய்முறையின் அருமை தெரியும்.

இப்போது இந்த ஏற்பாடு ஆடிப்போயிருக்கிறது. அதே அமெரிக்க இதழ் 2021 முதல் முழுக்கத் திறந்த அணுக்கத்துக்கு மாறிவிட்டது, யாரும் இலவசமாகப் படிக்கலாம். படிப்பவருக்கு நல்லது, நானும் அதற்கு ஆதரவுதான். ஆனால் திறந்த அணுக்கம் என்றால் பொதுவாக எழுதுகிறவர் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது அவருடைய நிறுவனம் கட்ட வேண்டும், இரண்டுக்கும் வழியில்லாத லேப் வெளியே நிற்கும். நூலகச் சந்தா குறையும்போது சங்கத்தின் பெட்டியும் காலியாகும், முதலில் வெட்டு விழுவது மாணவர் உதவித்தொகையில்தான் என்று பயப்படுகிறேன். திறந்த அணுக்கத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர்கள் இந்த ஓட்டையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

பெயர் வைக்கும் வேலையையும் சொல்லியாக வேண்டும். 1950களில் ஒரே நொதிக்கு ஆளுக்கொரு பெயர், வெவ்வேறு நொதிகளுக்கு ஒரே பெயர் என்று குழப்பம். பன்னாட்டு உயிர்வேதியியல் ஒன்றியம் அமைத்த குழு 1961இல் அறிக்கை கொடுத்த பிறகுதான் ஒழுங்கு வந்தது. ஒவ்வொரு நொதிக்கும் இ.சி. என்று தொடங்கும் ஓர் எண் உண்டு; ஆல்கஹாலைச் சிதைக்கும் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் இன்று எங்கே போனாலும் இ.சி. 1.1.1.1தான். 2018இல் டிரான்ஸ்லோகேஸ் (செல்சவ்வைத் தாண்டிப் பொருள்களைக் கடத்தும் நொதிகள்) என்ற ஏழாவது வகுப்பையும் சேர்த்தார்கள். அந்த ஒன்றியத்தில் ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் உட்காருவது பெரும்பாலும் தேசியச் சங்கத்தின் ஆள்தான். சம்பளம் கிடையாது, புகழும் கிடையாது.

குறைகள் இல்லாமல் இல்லை. செயற்குழுவில் சுற்றிச் சுற்றி அதே சில நிறுவனங்களின் ஆட்கள், அவர்கள் கொடுக்கும் விருதுகள் அவர்களின் பழைய மாணவர்களுக்கே போவது, தேர்தல் வந்தால் ஓட்டுப் போட ஆள் இல்லாதது. மேலே சொன்ன பிரிட்டிஷ் கிளப் தொடங்கியபோது பெண்களைச் சேர்க்கவே இல்லை. சீக்கிரமே மாற்றிக்கொண்டார்கள், 1927இல் ஐடா ஸ்மெட்லி மெக்லீன் அதன் தலைவராகவே வந்தார். உள்ளே இருந்தவர்கள் கேட்டதால்தான் மாறியிருக்கும், வெளியே நின்று முகம் சுளித்தவர்களால் இல்லை.

ஆகவே சந்தா கட்டலாமா என்று யோசிப்பவர்கள் தள்ளுபடியைப் பார்ப்பதற்கு முன்னால் சங்கத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து வரவு செலவுப் பக்கத்துக்குப் போங்கள். ஆய்விதழிலிருந்து எவ்வளவு வருகிறது, மாணவர் பயணத்துக்கு எவ்வளவு போகிறது, விருது விழாவுக்கு எவ்வளவு போகிறது என்று மூன்று தொகைகளைப் பாருங்கள். மூன்றாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், சந்தாவைக் கட்டிவிட்டுப் பொதுக்குழுவில் எழுந்து நின்று ஏன் என்று கேளுங்கள்.