கோயிலுக்குத் தெரியும், நில அலுவலகத்துக்குத் தெரியாது

பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும், பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகியும். சுற்றிலும் செம்பனை. 1917-ல் மலேசியாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே கடைவீட்டு மாடியில் ஒரு வக்கீல் ஆபிசில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணி (குமாஸ்தா) வேலை பார்க்கிறேன். வக்கீல் காலையிலேயே ஷா ஆலம் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவார். அதனால் பிளாஸ்டிக் பையில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது பெரும்பாலும் நான்தான்.

சொத்து விவகாரம் என்றால் அண்ணன் தம்பி அடிதடி என்று நினைப்பீர்கள். அது இல்லாமல் இல்லை. ஆனால் சண்டையே இல்லாத குடும்பங்கள் சிக்கிக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். யார் மனைவி, யார் பிள்ளை, யார் பேரில் வீடு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், காகிதத்தில்தான் இருக்காது.

ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, தோட்டமே சாப்பிட்டுப் போன கல்யாணம். கணவர் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்ததும் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவுவிலை வீடு ஒன்றைத் தன் பேரில் வாங்கினார். பிள்ளைகள் இரண்டு. ஒருநாள் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார், உயில் கிடையாது. கருமாதி முடிந்த கையோடு கிராண்டை, அதாவது வீட்டு உரிமைப் பத்திரத்தை, எடுத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. நான் கேட்ட முதல் கேள்வி, "திருமணப் பத்திரம் எங்கம்மா?" அவர் கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்தார்.

1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் பதிவாகியிருந்தால்தான் சட்டத்தில் கல்யாணம். அதற்கு முன்னால் வழக்கப்படி கட்டிய தாலி செல்லும், பிறகு கட்டியது பதிவு இல்லாமல் செல்லாது, இந்த அம்மாவுடையது பிறகு கட்டியது. சில கோயில்களில் உதவிப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர் இருக்கிறார், பல கோயில்களில் இல்லை, கோயில் தலைவர் மாலை எடுத்துக் கொடுத்தால் பதிவாகிவிட்டது என்று நம்பியவர்களும் உண்டு. மனைவி நிலைமை இது என்றால் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தது. ஆனால் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டப்படியான திருமணத்தில் பிறந்த பிள்ளை. பதிவு செய்திருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, இறந்தவரின் தாய்க்குக் கால் பங்கு என்று பிரிந்திருக்கும். இப்போது முழு வீடும் தாய்க்குத்தான், அதாவது அந்த அம்மாவின் மாமியாருக்கு. புருஷன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் பதிவு இலாகாவுக்குப் போயிருந்தால் போதும், முன்னால் பிறந்த பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளாகியிருப்பார்கள். இதை அவரிடம் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லாமலே விட்டேன். ஊழியர் சேமநிதி மட்டும் தடையில்லாமல் அவர் கைக்கு வந்தது, அங்கே கணவர் பணம் பெற வேண்டியவர் என்று அவர் பெயரை எழுதி வைத்திருந்தார்.

மாமியார் நல்ல மனுஷி. கோலா சிலாங்கூர் நில அலுவலகத்தில் விசாரணை நாளன்று, "எனக்கு எதுக்குங்க வீடு, மருமக பேருக்கே போட்டுடுங்க" என்றார். (சின்னச் சொத்து, உயில் இல்லை என்றால் உயர்நீதிமன்றம் போக வேண்டியதில்லை, நில அலுவலகமே பிரித்துக் கொடுக்கும். 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்த வரம்பு 2024-ல் 50 லட்சமாகிவிட்டது, எங்கள் ஊர் வீடுகள் எல்லாமே அதற்குள் அடங்கிவிடும்.) ஆனால் சட்டத்தின் கணக்கில் மருமகள் வாரிசே இல்லை. முதலில் பாட்டி பேருக்கு மாற்றி, பிறகு பாட்டி மருமகளுக்குக் கொடுக்க வேண்டும். கிராண்டில் கட்டுப்பாடு போட்ட வீடு, கைமாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும், அது வர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டிக்கு வயது எழுபத்து நான்கு. இடையில் அவருக்கு ஏதாவது ஆனால் வீடு அவருடைய மற்ற பிள்ளைகளுக்குப் போய்விடும். மற்ற இரண்டு மகன்களும் அதுவரை வாயே திறக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் உடனே உயில் எழுதச் சொன்னோம். மறுநாள் மாமியாரும் மருமகளும் வந்தார்கள், வக்கீலும் இருந்தார். பாட்டி கைநாட்டு வைக்கத் தயார். சாட்சி யார் என்று கேட்டதும், "நான் போடறேண்ணே" என்று பேனாவை எடுத்தார் மருமகள். பாய்ந்து பிடுங்கினேன் என்றே சொல்லலாம். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், அவருக்கு எழுதிய பங்கு போய்விடும். மாப்பிள்ளையைச் சாட்சியாக வைத்து மகளுக்கு நிலம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், அத்தனையும் நல்ல எண்ணத்தில் செய்தது. கடைசியில் கீழே ஒட்டுக்கடைக்காரரையும் முடிவெட்டுகிற அண்ணனையும் கூப்பிட்டு, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்க, பாட்டி கைநாட்டு வைத்தார்.

இதே மாதிரி வேறு கேஸ்களும் வரும். பிறந்த மூன்றாம் நாளே தூக்கி வளர்த்த மகன், தத்தைப் பதிவு செய்திருந்தார்கள், ஆனால் கோர்ட் ஆணை மூலம் தத்தெடுக்கவில்லை, அதனால் வாரிசு உரிமை இல்லை. அப்பா கொடுத்த பவர் பத்திரத்தை அவர் செத்த பிறகு நீட்டுவார்கள், அவர் மூச்சோடு அதுவும் போனது தெரியாமல். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் வீடு இருந்தால் ஒருவர் போனதும் மற்றவருக்குத் தானாக வந்துவிடும் என்று நினைப்பார்கள், இங்கே நிலத்துக்கு அப்படி இல்லை, இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அப்புறம் பெயர். பழைய தோட்டக் கிராணி காதில் விழுந்தபடி எழுதியது ஒரு முனியாண்டி, அடையாள அட்டையில் வேறு எழுத்தில் இன்னொரு முனியாண்டி. இருவரும் ஒரே ஆள் என்று சத்தியப்பிரமாணம் எழுதியே எனக்குப் பாதி நாள் போகும்.

பாட்டி கேஸில் அனுமதி ஒருவழியாக வந்தது, கிராண்டும் மருமகள் பேருக்கு மாறியது. மகன்கள் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் வீணாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இனி இந்த உயிலில் கொடுக்க ஒன்றுமில்லை பாட்டி என்று சொல்லப் போனால், சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னிலிருந்து அதை எடுத்து விரித்து, "என் தோடு இருக்கே தம்பி, அது பேத்திக்குன்னு அடியில ஒரு வரி பேனாவால சேத்துடு" என்றார். அப்படிச் சேர்த்தால் செல்லாது, மறுபடி இரண்டு சாட்சி வேண்டும் என்றேன். பாட்டி திரும்பி மருமகளைப் பார்த்தார். "ஐயோ, நான் போடமாட்டேன்" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட ஓடினார்.