பதினேழு அடிச் சுவரும் கல்சட்டியும்

3 ஜூன் 2024, திங்கள்

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் புதுக்கடை ஒன்று. பழைய வீட்டின் முன்னறையை இடித்துக் கடையாக்கியிருக்கிறார்கள். கல்சட்டி, வார்ப்பிரும்பு தோசைக்கல், வெண்கல உருளி, மண்பாத்திரம், இதுதான் சரக்கு. ஒரே நீளச் சுவர், 17 அடி, அதாவது 5182 மி.மீ. அந்தச் சுவர் முழுக்க ரேக் வேண்டும், தட்டுகளை எப்போது வேண்டுமானாலும் ஏற்றி இறக்க வேண்டும், ஆடி பிறப்பதற்குள் கடை திறந்தாக வேண்டும் என்று கடைக்கார அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இதுவரை துணிக்கடைக்கும் புத்தகக்கடைக்கும்தான் ரேக் வடிவமைத்திருக்கிறேன். அங்கே ஒரு தட்டின் எடையைப் பற்றி இவ்வளவு யோசித்ததே இல்லை. இங்கே முதல் வேலையாகத் தராசைக் கேட்டேன். மூன்று லிட்டர் கல்சட்டி ஒன்று 4.8 கிலோ, 12 அங்குல தோசைக்கல் 2.6 கிலோ. "இதெல்லாம் எதுக்குங்க தம்பி, அரிசி மாதிரி நிறுக்கிறீங்க?" என்றார். சிரித்து வைத்தேன். நான்கடி நீளத் தட்டில் பத்துப் பாத்திரம் வைத்தால் நாற்பத்தைந்து கிலோ வரும் போலிருக்கிறது.

5 ஜூன், புதன்

வரைபடத்தைக் காட்டியதும் அக்காவின் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். மளிகைக்கடையில் இருக்கிற, வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக்கிலும் தட்டை ஏற்றி இறக்கலாமே, அதற்கு எதற்கு டிசைனர்?

அந்த ஓட்டை ஆங்கிளை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1947-இல் லண்டனில் டிமிட்ரியஸ் கொமினோ என்பவர் டெக்ஸியான் என்ற பெயரில் கொண்டுவந்தது. வெட்டு, நட்டு போல்ட் போடு, ரேக் தயார். ஊர் ஊராக இன்னும் அதன் வாரிசுகள்தான் நிற்கின்றன. ஆனால் ஒன்றைக் கேட்டேன்: உங்களுக்குத் தெரிந்த எந்த மளிகைக்கடையிலாவது ரேக் மாட்டிய பிறகு தட்டை மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தட்டுக்கு நாலு மூலை, மூலைக்கு ஒன்றோ இரண்டோ போல்ட், ஸ்பானர், துரு, கையில் கீறல். யாரும் தொட மாட்டார்கள். மாற்ற முடியும் என்பது வேறு, கடையில் வேலை செய்கிற பெண் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் தானே மாற்றுவாள் என்பது வேறு. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, "பார்க்கலாம்" என்றார்.

7 ஜூன், வெள்ளி

முதல் கணக்கு: நான்கு கட்டம் (இரண்டு கால்களுக்கு நடுவே தட்டு வரும் பகுதி), ஒவ்வொன்றும் 1200 மி.மீ. அகலம். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பட்டறையில் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை 1200-க்கு 300 வெட்டி, இரண்டு முனைகளிலும் செங்கல் கொடுத்து, 45 கிலோவுக்கு மணல் மூட்டைகளை வரிசையாக வைத்தேன். மேலே நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் 11 மி.மீ. இறங்கியிருந்தது.

8 ஜூன், சனி

காலையில் போய்ப் பார்த்தேன், 13. மரம் ராத்திரியெல்லாம் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடம் இதே எடையைத் தாங்கினால் தொட்டில்தான்.

தடிமனைக் கூட்டலாம், ஆனால் அகலத்தைக் குறைப்பதுதான் மலிவு. அதே எடைக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்கு, அப்படியென்றால் குறைத்தாலும் அதே வேகத்தில் நமக்கு லாபம். 900 போடலாம் என்று நினைத்து ஷீட்டில் கோடு போட்டேன். 2440-க்கு 1220 ஷீட்டில் 900 தட்டு எட்டுதான் வருகிறது, 634 மி.மீ. துண்டு மீந்து நிற்கிறது. 800 என்றால் நீளத்தில் மூன்று, அகலத்தில் நாலு, ரம்பம் தின்கிற 3 மி.மீ. போக அச்சாகப் பன்னிரண்டு தட்டு. நூறு மி.மீ. குறைத்ததில் நாலு ஷீட் மூன்று ஷீட்டானது. தொய்வும் அதே 45 கிலோவுக்கு 3 மி.மீ.தான். ஆறு கட்டம், ஏழு கால், சுவரில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம். இப்படி எல்லாம் ஒரே நாளில் பொருந்துவது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

மேலே வெறும் மரம் வேண்டாம், மைக்கா ஒட்ட வேண்டும். பழக்கிய தோசைக்கல் எண்ணெய் விடும்.

11 ஜூன், செவ்வாய்

உயரம் பார்க்கப் போனேன். கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில்தான் விற்பனை என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் எங்கிருந்தோ எடுத்த அட்டவணையைப் பார்த்து அதை 1520 என்று போட்டிருந்தேன். அக்கா நான்கடி பத்தங்குலம். சுவரில் டேப் பிடித்துக் காட்டினால் கண்ணுக்கு நேர் உயரம் அவர் உச்சந்தலைக்கும் மேலே இருக்கிறது! கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர் உயரம்தான் இருப்பார்கள். 1350-க்கு இறக்கினேன். விற்கிற தட்டு எதுவும் 1650-ஐத் தாண்டக் கூடாது என்று முடிவு. அதற்கு மேலே காலி அட்டைப்பெட்டி.

அக்கா சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றியே இருக்காது. கனமான சரக்கு கீழே போகட்டும் என்று நான் வரைந்திருந்தேன். தோசைக்கல் வாங்க வருகிறவர்கள் அதைத் தூக்கி, விரல் கணுவால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் வாங்குவார்கள், குனிந்து தூக்க வைத்தால் தட்டாமலே போய்விடுவார்கள் என்றார். ஆக தோசைக்கல் இடுப்பு உயரத்துக்கு வந்தது, 750-இலிருந்து 900-க்குள். அதுவும் படுக்க வைத்தால் விளிம்புதான் தெரியும், நிறுத்தி வைக்கத் தட்டின் மேல் ஒரு கம்பிச் சட்டம் தனியாக. கல்சட்டி கீழே. அதை எப்படியும் இரண்டு கையால்தான் தூக்க வேண்டும்.

14 ஜூன், வெள்ளி

மாதிரி தயார். காலுக்கு 40-க்கு 40 சதுரப் பைப், 16 கேஜ் தடிமன், முன்முகத்தில் இரண்டு வரிசை ஓட்டை, லேசர் வெட்டு. இடது கட்டத்துக்கு ஒரு வரிசை, வலது கட்டத்துக்கு ஒரு வரிசை, அதனால் நடுக்கால் ஒன்றே இரண்டு கட்டத்துக்கும் போதும். 2 மி.மீ. தகட்டில் கொக்கி வைத்த பிராக்கெட் உள்ளே போய்க் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், ஸ்குரு கிடையாது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் 25 மி.மீ. எந்த உயரத்துக்கும் வைக்கலாம் என்று பெருமையாக இருந்தது.

கடைப் பெண்ணை வரவழைத்து, ஒன்றும் சொல்லாமல், "இந்தத் தட்டைக் கொஞ்சம் மேலே ஏத்தும்மா" என்றேன். இடது பிராக்கெட் பதினாலாவது ஓட்டை, வலது பதினைந்தாவது. பார்வைக்குத் தெரியவேயில்லை. 800-க்கு 25 சாய்வு, மேலே வைத்த உருளி மெதுவாக நகர ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. இரண்டாம் முறை எண்ணி மாட்டினாள், எண்ணுவதற்கு ஒரு நிமிடம் ஆனது, நடுவில் பட்டறை அண்ணன் ஏதோ கேட்க எண்ணிக்கை விட்டுப்போனது.

அந்தப் பெண்ணின் தப்பு இல்லை. எண்பது ஓட்டை வைத்து எண்ணச் சொன்னது நான். உண்மையில் இந்தச் சரக்குக்குத் தட்டு இடைவெளி மூன்றே மூன்றுதான் தேவைப்படுகிறது: 225, 300, 375. மூன்றும் 75-இன் மடங்கு. அப்போ ஓட்டை 75-க்கு ஒன்று போதும். ஒரு ஓட்டை தப்பினால் தட்டு அப்பட்டமாகக் கோணலாக நிற்கும், யாருக்கும் தெரியும். நாலு ஓட்டைக்கு ஒருமுறை பக்கத்தில் சின்ன வட்டத் துளை, விரலால் தடவினாலே தட்டுப்படும்.

20 ஜூன், வியாழன்

இன்றைக்கு என்னை நானே திட்டிக்கொள்ளும் நாள். 2 மி.மீ. பிராக்கெட்டுக்கு 2.2 மி.மீ. அகல ஓட்டை. வெறும் இரும்பில் வழுக்கிக்கொண்டு போனது. பவுடர் கோட்டிங் முடிந்து வந்த பிறகு சுத்தியலால் அடித்தாலும் போகவில்லை. பூச்சு 70 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.), பிராக்கெட்டில் இரண்டு பக்கம், ஓட்டையில் இரண்டு பக்கம், நாலெழுபது 280. நான் விட்ட இடமோ 200. பள்ளிக்கூடக் கணக்கு.

நல்லவேளை ஒரே ஒரு கால்தான் பூச்சுக்குப் போயிருந்தது, மற்றது வெட்டவேயில்லை. ஓட்டையை 2.8 ஆக்கச் சொல்லிவிட்டேன். "நான் கேக்கலாம்னுதான் இருந்தேன் தம்பி" என்றார் பட்டறை அண்ணன். கேட்டிருக்கலாம்!

27 ஜூன், வியாழன்

சாரல் விடவில்லை. பூச்சுக்குப் போகாத பைப்பில் லேசாகத் துரு பூத்திருக்கிறது, தேய்த்து அனுப்பினார்கள். மைக்கா நிறத்துக்கு இரண்டு மணி நேரச் சண்டை, கடைசியில் மங்கலான சாம்பல். வெண்கலமும் அதில் எடுக்கிறது, கருப்புக் கல்சட்டியும் எடுக்கிறது.

6 ஜூலை, சனி

மாட்டும் வேலை. பழைய வீடு, கழுவிவிட்டால் தண்ணீர் வாசலுக்கு ஓடுகிற மாதிரி தரையைச் சரித்திருக்கிறார்கள். அறையின் இரண்டு கோடிக்கும் தண்ணி டியூப் பிடித்து மட்டம் பார்த்தால் 22 மி.மீ. வித்தியாசம். காலுக்கடியில் திருகு போல்ட் 30 மி.மீ. ஏறி இறங்கும் என்பதால் தப்பித்தோம். இது மட்டும் நான் முதலிலேயே யோசித்தது, அதனால் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு காலுக்கும் தூக்குக்குண்டு, பிறகு தட்டில் ரசமட்டம். காலின் மேல்முனை ஒவ்வொன்றையும் ஆங்கர் போல்ட்டால் சுவரோடு பிடித்தாயிற்று. குழந்தை எதாவது ஏறினால் நானூறு, ஐந்நூறு கிலோ மேலே வரும், அந்த நினைப்பே வேண்டாம்.

முப்பது தட்டு, மீதி ஆறு மாடிப்படிக்கு அடியில்.

19 ஜூலை, வெள்ளி

ஆடி மூணு. கடை திறந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். நான் வைத்த உயரத்தில் பாதித் தட்டுகள் இல்லை. மூன்றாவது கட்டத்தில் நடுத்தட்டை எடுத்துவிட்டுப் பெரிய உருளி இரண்டை வைத்திருக்கிறார்கள், ஓரக் கட்டத்தில் எடுத்த தட்டையும் சேர்த்து ஆறு வரிசை மண் அகல். "நேத்து மத்தியானம் மாத்தினது, நல்லா இருக்குங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காபி வரவழைத்தார்.

காலி ஓட்டைகளில் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி வளைத்து மாட்டி, இரும்புக் கரண்டி தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏழு காலிலும் கரண்டி, என் வரைபடத்தில் எங்கேயும் இல்லாதது. இரண்டு இடத்தில் கம்பி பூச்சைச் சுரண்டியிருக்கிறது. "இதுக்கு நல்லதா ஒரு கொக்கி பண்ணிக் கொடுங்க தம்பி, நாப்பது வேணும்" என்றார் அக்கா. ஒரு கரண்டியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், காம்பின் ஓட்டை 9 மி.மீ. திங்கட்கிழமை பட்டறைக்குப் போக வேண்டும். பூச்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.